தெருவில் கிடக்கும் பழைய வண்டியை யார் எடுக்க வேண்டும், நாமே நகர்த்தலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. ஊட்டியில் மெயின் ரோட்டிலிருந்து மேலே ஏறும் ஒரு சந்தில் வெள்ளை மாருதி ஆம்னி ஒன்று இரண்டு வருடத்துக்கு மேலாக நிற்கிறது. முன் நம்பர் பிளேட் இல்லை, பின்னால் இருப்பதை ஓரளவு படிக்க முடிகிறது. நகராட்சியில் கேட்டால் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகச் சொல்கிறார்கள். ஸ்டேஷனில் கேட்டால் "அது நகராட்சி ரோடு" என்கிறார்கள். போன மாதம் உங்கள் மாமனாருக்கு மூச்சுத் திணறல் வந்தபோது 108 வண்டி மேலே ஏற முடியாமல், அவரை நாற்காலியில் உட்கார வைத்து மெயின் ரோடு வரை தூக்கி வந்திருக்கிறீர்கள். யாரிடம் புகார் கொடுப்பது என்று கேட்டிருந்தாலும், தெரு ஆட்கள் நாலு பேர் சேர்ந்து தள்ளி ஓரமாக விட்டுவிடலாமா என்பதுதான் உங்கள் மனதில் ஓடுகிறது என்று நினைக்கிறேன்.

நீலகிரி மாவட்டக் காவல் நிலையங்களில் பல வருடம் ரைட்டராக, அதாவது ஸ்டேஷனின் எழுத்து வேலை பார்ப்பவராக இருந்து, எஸ்.எஸ்.ஐ.யாக (சிறப்பு உதவி ஆய்வாளர்) ஓய்வு பெற்றவன் நான். கேட்பாரற்ற வண்டிகளின் கோப்பு எழுதுவது என் வேலையில் ஒரு பகுதி. வழக்கறிஞர் இல்லை, அதனால் சட்டப் பிரிவு நேராகச் சொல்வதையும் நடைமுறையில் நான் பார்த்ததையும் பிரித்தே சொல்கிறேன்.

சரி, தள்ளலாமா? தள்ளாதீர்கள் சகோதரி. சட்டம் ஒரு காரணம், அதைவிடப் பெரிய காரணம் முட்டுக்கல். ஏற்றத்தில் வண்டியை நிறுத்துகிறவர்கள் நம் ஊரில் பின் டயருக்கு ஒரு கல்லைக் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். இரண்டு வருடம் மழையிலும் பனியிலும் நின்ற வண்டியில் ஹேண்ட் பிரேக் கேபிள் துருப்பிடித்து அறுந்திருக்கலாம், அல்லது பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டி இறுகிப் போயிருக்கலாம். எது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. ஒட்டியிருந்தால் பத்துப் பேர் தள்ளினாலும் அசையாது. அறுந்திருந்தால் கிட்டத்தட்ட முக்கால் டன் எடையுள்ள அந்த வண்டியைப் பிடித்து வைத்திருப்பது அந்த ஒரு கல்தான். ஸ்டியரிங் லாக் விழுந்திருந்தால் திருப்பவும் வழியில்லை. கோத்தகிரி பக்கம் ஒரு ஜீப்பை இப்படி நகர்த்தப் போய், கல்லை உருவிய நொடியில் அது பின்வாங்கிக் கீழ்வீட்டுச் சமையலறைச் சுவரில் மோதி நின்றது. அங்கே போய் மகஜர், அதாவது சம்பவ இடத்தைப் பார்த்து எழுதும் குறிப்பு, எழுதியவன் நான். அடுப்படியில் அந்த நேரம் ஆள் இல்லாததால் கோப்பு சுவரோடு முடிந்தது. நம் சந்துகளில் ஒரு வீட்டின் கூரையும் மேல்வீட்டின் வாசலும் ஒரே மட்டத்தில் இருக்கும். இங்கே உருள ஆரம்பித்த வண்டி ரோட்டோடு நிற்காது.

இன்னொன்று, பழைய ஆம்னிகளில் கேஸில் ஓடியவை நிறைய. சீட்டுக்கு அடியிலோ பின்னாலோ சிலிண்டர் இருக்கிறதா என்று கண்ணாடி வழியாகப் பாருங்கள். இருந்தால் புகாரில் கட்டாயம் எழுதுங்கள். பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள். வண்டிக்குள் தெருநாய் குட்டி போட்டிருந்தால் அதையும் எழுதுங்கள். நாய்க்காகச் சிறுத்தை ஊருக்குள் வருவது உங்களுக்குத் தெரியாததில்லை.

சட்டக் காரணம் இதுதான். கைவிட்டுவிட்டார்கள் என்று நமக்குத் தோன்றுவதால் உரிமையாளரின் உரிமை போய்விடுவதில்லை. பேட்டரியையோ டயரையோ கழற்றினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 303வது பிரிவில் திருட்டு. தள்ளும்போது சேதமானால் 324வது பிரிவில் சொத்துக்குச் சேதம் விளைவித்ததாகப் புகார் வரலாம். அந்த வண்டி வேறெங்காவது திருடு போனதாகவோ, ஒரு குற்றத்தில் பயன்பட்டதாகவோ இருந்தால் உங்கள் தெரு ஆட்களின் கைரேகைதான் அதில் இருக்கும். காயலான் கடைக்காரர் வந்து "நான் எடுத்துக்கறேன், காசு தர்றேன்" என்பார். சம்மதிக்காதீர்கள். ஆர்.சி. (பதிவுச் சான்று) இல்லாமல் அவர் வாங்குவதும் தப்பு, நீங்கள் கொடுப்பதும் தப்பு.

அப்புறம், எடுக்க வேண்டியது யார்? இதில் சந்தேகமே இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 127. பொது இடத்தில் ஒரு வண்டி பத்து மணி நேரமோ அதற்கு மேலோ கைவிடப்பட்டு, அல்லது கவனிப்பாரின்றி நின்றால், அந்த எல்லைக்குரிய சீருடை அணிந்த காவல் அதிகாரி அதை இழுத்துச் செல்ல உத்தரவிடலாம். உடைந்ததோ எரிந்ததோ பாதி பிரித்ததோ ஆன வண்டி போக்குவரத்துக்கு ஆபத்தாக நின்றால் பத்து மணி நேரமும் காத்திருக்கத் தேவையில்லை, உடனே அகற்றலாம். இழுத்துச் செல்லும் செலவு முழுவதும் உரிமையாளர் தலையில். போக்குவரத்துக்கு இடைஞ்சலாக வண்டியை நிறுத்தி வைத்ததற்குப் பிரிவு 201-ன்படி 500 ரூபாய் வரை அபராதம் தனி. பொது இடம் என்றால் பொதுமக்களுக்குப் போய்வர உரிமை உள்ள எந்த இடமும்தான். மெயின் ரோடாக இருக்க வேண்டியதில்லை, முட்டுச்சந்தும் அதில் வரும். ஆகவே "நகராட்சி ரோடு, எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்ற பதில் சரியில்லை. ரோடு யாருடையதாக இருந்தாலும் அதிகாரம் காவல்துறைக்கு உண்டு.

பத்து மணி நேரம் என்று சட்டம் சொல்லும்போது இரண்டு வருடமாக ஏன் நிற்கிறது என்று கேட்பீர்கள். இதை ஸ்டேஷன் உள்ளிருந்து பார்த்தவனாகச் சொல்கிறேன். வண்டியை எடுக்க யாரும் தயங்குவதில்லை, எடுத்த பிறகு எங்கே வைப்பது என்பதில்தான் தயக்கம். மலையில் சமதரை என்பதே அரிது. பல ஸ்டேஷன் வளாகங்களில் ஜீப் திரும்பவே இடம் போதாது. விபத்து வண்டி, மணல் வண்டி, கஞ்சா வழக்கு வண்டி என்று ஏற்கெனவே வரிசை நிற்கும். உள்ளே வந்த வண்டி ரைட்டரின் பொறுப்பு. ஒவ்வொரு ஆய்வுக்கும் அதைக் காட்ட வேண்டும், மாற்றலாகிப் போகும்போது அடுத்த ரைட்டரிடம் ஒவ்வொரு பாகமாக எண்ணி ஒப்படைக்க வேண்டும், ஸ்டெப்னி காணோம் என்றால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். கிரேன் வாடகையை உரிமையாளரிடம் வசூலிக்கலாம் என்று சட்டம் சொன்னாலும், அன்றைக்கு கிரேன்காரருக்குக் காசு யார் கொடுப்பது என்பது வேறு விஷயம். இது நியாயம் என்று சொல்லவில்லை. ஒரு நோயாளியை நாற்காலியில் தூக்கி இறக்க வேண்டிய நிலைக்கு எந்தக் காரணமும் ஈடாகாது. ஆனால் உங்கள் புகார் இந்தத் தயக்கங்களுக்குப் பதிலோடு போனால் அது நகரும். "வண்டி நிற்கிறது, எடுங்கள்" என்று மட்டும் போனால் கோப்பில் தூங்கும். யாருடைய இடம், யாருடைய வண்டி, எடுத்தால் எங்கே போகும் என்ற மூன்றுக்கும் நீங்களே தயார் செய்துகொண்டு போங்கள்.

இடம் முதலில். வெலிங்டன் பக்கம் என்றால் கண்டோன்மென்ட் போர்டின் எல்லை வரும். ரயில் பாதை ஓரம் என்றால் ரயில்வே இடமாக இருக்கலாம், ஆர்.பி.எஃப். (ரயில்வே பாதுகாப்புப் படை) வரும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர், ஊட்டி, கூடலூர் வழியாகக் குண்டலுப்பேட்டை போகும் ரோடு தேசிய நெடுஞ்சாலை 181, அதன் ஓரம் நெடுஞ்சாலைத் துறையின் கையில் இருக்கும். சோலை ஓரமாக நின்றால் வனத்துறை. எஸ்டேட் ரோடு பார்க்கப் பொது ரோடு மாதிரியே இருந்தாலும் தனியார் நிலமாக இருக்கலாம், அப்போது 127வது பிரிவு பொருந்துமா என்பதே கேள்வியாகிவிடும். உங்கள் சந்து நகராட்சித் தெரு என்றே தோன்றுகிறது, ஆனால் நீங்கள் எழுதியதை மட்டும் வைத்து என்னால் உறுதி சொல்ல முடியாது. தமிழக அரசின் ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ இணையதளத்தில் நகர நில அளவைப் பதிவேட்டின் நகலைப் பார்க்கலாம், அல்லது தாலுகா அலுவலக சர்வேயரைக் கேளுங்கள். வண்டியின் பாதி ஒரு வீட்டுக்காரரின் பட்டா நிலத்தில் இருந்தால் அதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

அடுத்தது வண்டி. பின் நம்பரை அரசின் எம்பரிவாகன் செயலியில் போட்டுப் பாருங்கள். உரிமையாளர் பெயர் மறைத்துத்தான் வரும், ஆனால் எந்த வட்டாரப் போக்குவரத்து அலுவலகம், எஃப்.சி. (தகுதிச் சான்று) எதுவரை, இன்ஷூரன்ஸ் எப்போது முடிந்தது என்பதெல்லாம் கிடைக்கும். டி.என். 43 என்று தொடங்கினால் நம் ஊட்டி அலுவலகப் பதிவு. கே.எல். 12 வயநாடு, கே.ஏ. 09 மைசூரு, கூடலூர் பக்கம் இந்த இரண்டும் சகஜம். முழுப் பெயரும் முகவரியும் காவல்துறைக்குக் கிடைக்கும். நம்பர் பிளேட்டையே நம்பிவிடவும் கூடாது, மாட்டியிருப்பது வேறு வண்டியின் பிளேட்டாக இருக்கலாம். உறுதி செய்வது சேஸிஸ் எண், அதாவது வண்டியின் உடலிலேயே பொறித்திருக்கும் எண். துருவை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, மேலே செல்லோடேப் ஒட்டி, பென்சிலால் தேய்த்தால் பதிந்த எழுத்து மேலே எழும். 17 இலக்க சேஸிஸ் எண்ணில் ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் வராது, ஆகவே ஓ மாதிரித் தெரிவது பூஜ்ஜியம்தான். இந்தத் தப்பினாலேயே "பதிவு இல்லை" என்று திரும்பி வந்த விசாரணைக் கடிதங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இதைப் போலீஸ் செய்யட்டும், நீங்கள் வண்டியைத் தொட வேண்டாம். கண்ணாடியில் ஏதாவது ஸ்டிக்கர் இருந்தால், விடுதி பெயரோ டிராவல்ஸ் பெயரோ, அதை மட்டும் படம் எடுத்து வையுங்கள்.

உரிமையாளர் கிடைத்தால் பெரும்பாலும் வரும் பதில், "வித்துட்டேனே சார், பேர் மாத்தலை." அந்தப் பதில் சட்டத்தில் நிற்காது. விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும் என்று பிரிவு 50 சொல்கிறது. பெயர் மாற்றாதவரை பதிவில் உள்ளவரே உரிமையாளர் என்று நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்புச் சொன்னது. அது விபத்து இழப்பீட்டு வழக்கு, ஆனாலும் ஸ்டேஷனில் அதைச் சொன்னதும் பேச்சு மாறுவதைப் பார்த்திருக்கிறேன். உரிமையாளர் இறந்து போயிருந்தால் வாரிசுகளைக் கூப்பிட்டுப் பக்குவமாகப் பேச வேண்டும். அவர்களும் அந்த வண்டியால் தொல்லைப்படுகிறவர்கள்தான். ஓடாத வண்டியின் பதிவை ரத்து செய்யப் பிரிவு 55 இருக்கிறது. 2021-ல் வந்த விதிகளின்படி பதிவு பெற்ற வாகன அழிப்பு மையத்தில் ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம், கொஞ்சம் பணமும் வரும். இதைச் சொன்னதும் தானாகவே ஆள் வைத்து எடுத்துப் போனவர்கள் உண்டு. எல்லா வழிகளிலும் சீக்கிரமான வழி இதுதான்.

புகாரை எழுதும்போது கோபத்தைக் குறைத்து, தகவலைக் கூட்டுங்கள். தெருப் பெயரோடு பக்கத்து மின்கம்பத்தில் பெயின்டால் எழுதியிருக்கும் எண்ணையும் போடுங்கள், ரோந்து போகும் காவலருக்கு அதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. டயரும் தரையும் சேரும் இடத்தில் புல் முளைத்திருப்பது தெரியும்படி ஒரு படம், மின்கம்பமும் வண்டியும் சேர்ந்து வரும்படி ஒரு படம், சந்தில் மிச்சமிருக்கும் அகலத்தை டேப் பிடித்துக் காட்டும் ஒரு படம் போதும். ஆம்புலன்ஸ் வர முடியாமல் போன நாளையும் நேரத்தையும் எழுதுங்கள். பிரிவு 127 என்று எண்ணைக் குறிப்பிடுங்கள். ஸ்டேஷனில் கொடுத்துவிட்டுச் சும்மா வராமல் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரைப் பெற்றதற்கான ரசீது, கேட்டு வாங்குங்கள். அதே மனுவின் நகலை நகராட்சி ஆணையருக்கும் கொடுத்து, ‘காவல்துறை இழுக்கும்போது நகராட்சி இடத்தில் தற்காலிகமாக நிறுத்த அனுமதி தேவை’ என்று ஒரு வரி சேருங்கள். எடுத்தால் எங்கே போகும் என்ற மூன்றாவது கேள்விக்குப் பதில் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. நான் பார்த்தவரை இரண்டு அலுவலகமும் சேர்ந்து ஒரு இடம் ஒதுக்கிய ஊர்களில்தான் வண்டிகள் நகர்ந்தன.

நேரத்தையும் கவனியுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் கொடுத்தால் ஸ்டேஷனில் ஆளே இருக்க மாட்டார்கள். வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்த பிறகும், வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று உயர் நீதிமன்றம் வரம்பு வைத்த பிறகும், சீசனில் எல்லோரும் டிராஃபிக்கில்தான் நிற்பார்கள். பிப்ரவரி, மார்ச் நல்ல சமயம். கோடை விழாவுக்கு முன் ரோட்டைச் சரி செய்யச் சொல்லி மாவட்ட நிர்வாகமே எல்லாத் துறையையும் முடுக்கும், உங்கள் மனுவும் அதோடு போகும்.

இழுத்த பிறகு நடப்பதில் சட்டம் தெளிவு, காலம் தெளிவில்லை. திருட்டு வண்டி என்று சந்தேகம் வந்தால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) பிரிவு 106-ன்படி கைப்பற்றி நீதித்துறை நடுவருக்கு அறிக்கை போகும். உரியவர் யார் என்று தெரியாவிட்டால் பிரிவு 503-ன்படி நடுவர் அறிவிப்பு வெளியிட்டு ஆறு மாதம் அவகாசம் கொடுப்பார். யாரும் வராவிட்டால் பிரிவு 504-ன்படி அரசு வசமாகி ஏலம். வண்டிகளை ஸ்டேஷனில் வருடக்கணக்கில் வைத்து மக்கவிடக் கூடாது, படம் எடுத்து, பத்திரம் வாங்கிச் சீக்கிரம் விடுவிக்க வேண்டும் என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது. அப்படியும் எத்தனை மாதத்தில் முடியும் என்று யாராவது உங்களுக்கு உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள். உங்களுக்கு அது முக்கியமும் இல்லை, வண்டி அந்தச் சந்திலிருந்து போவதுதான் முக்கியம். கோப்பு முடியும்வரை நீங்கள் அலைய வேண்டியதில்லை.

பதினைந்து இருபது நாளில் ஒன்றும் நடக்கவில்லை என்றால் ஒரே ஸ்டேஷனுக்குத் திரும்பத் திரும்பப் போகாதீர்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் சி.எஸ்.ஆர். நகலோடு மனு கொடுங்கள், முதல்வரின் உதவி எண்ணான 1100-லும் பதிவு செய்யுங்கள். அதைவிடக் கூர்மையான வழி கோட்டாட்சியர், அதாவது வருவாய்க் கோட்ட அதிகாரி, இவரையும் ஆர்.டி.ஓ. என்பார்கள். பொது வழியில் உள்ள இடையூறை அகற்ற நிபந்தனை உத்தரவு போடும் அதிகாரம் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 152-ல் அவருக்கு இருக்கிறது. ஊட்டி, குன்னூர், கூடலூர் மூன்றிலும் கோட்டாட்சியர் அலுவலகம் உண்டு. ஆர்.டி.ஓ. ஆபீஸ் என்று ஆட்டோவில் சொன்னால் வண்டிப் பதிவு அலுவலகத்தில் இறக்கிவிடுவார்கள், கோட்டாட்சியர் என்றே சொல்லுங்கள். சாதாரணமாக நிற்கும் ஒரு வண்டிக்காக அவர் 152-ஐ எடுப்பாரா என்பது அவருடைய முடிவு. ஆனால் ஆம்புலன்ஸ் தடைப்பட்டது என்று நாளோடு எழுதிய மனுவை எளிதில் ஒதுக்க முடியாது. கூடவே தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் ‘என் மனு மீது எடுத்த நடவடிக்கை என்ன’ என்று ஒரே கேள்வி கேளுங்கள், 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும்.

பட்டா நிலம் என்று தெரியவந்தால் மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. நிலத்துக்காரர் வண்டி உரிமையாளருக்கு ஒப்புகையோடு தபாலில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், பதில் இல்லாவிட்டால் சிவில் வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும். பக்கத்து ஒர்க்‌ஷாப்காரர் ரிப்பேருக்கு வந்ததை ரோட்டில் விட்டிருக்கிறார் என்றால் அவரையே புகாரில் சேர்க்கலாம்.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். மாமனார் இருக்கும் வீட்டுக்கு ஆம்புலன்ஸ் எவ்வளவு தூரம் வரை வர முடியும், அங்கிருந்து ஸ்ட்ரெச்சரில் இறக்க எந்தப் படிக்கட்டு அகலம் என்று தெருவில் நாலு பேரோடு இன்றைக்கே நடந்து பார்த்துவிடுங்கள். புகார் வேலை முடியச் சில வாரம் ஆகலாம். பின் நம்பரின் முதல் நான்கு எழுத்து-எண்களையும், நில அளவைப் பதிவேட்டில் அந்த இடம் எப்படிக் குறிக்கப்பட்டிருக்கிறது என்பதையும் இங்கே எழுதினால் மனுவின் வாசகத்தை நானே எழுதித் தருகிறேன். முழு நம்பரைப் பொதுவில் போட வேண்டாம்.